மரத்தடியில் குவியும் பரிசுகள்



தீபாவளித் தோரணங்கள் இறங்குவதற்குள் நம் பேரங்காடிகளில் கிறிஸ்துமஸ் மரம் ஏறிவிடுகிறது. பனியே பெய்யாத நாட்டில் பஞ்சினால் பனி எதற்கு என்று கேட்டால் என்னைப் பழம்பஞ்சாங்கம் என்பார்கள். போகட்டும், விட்டுவிடுகிறேன். என் மனக்குறை மரத்தின்மீது அன்று, மரத்தடியில் குவிபவற்றின்மீது.

நாங்கள் கிறிஸ்துவக் குடும்பத்தினர். சென்ற கிறிஸ்துமஸுக்கு என் எட்டு வயது மகனுக்கு வந்த பரிசுகள் 17. பாட்டி, அத்தைமார், சித்தப்பா என ஆளுக்கொன்று, சிலர் இரண்டு. அரை மணி நேரத்தில் அத்தனையையும் பிரித்துவிட்டு, "அவ்வளவுதானா அம்மா?" என்றான். அவன் பேராசைக்காரப் பிள்ளை அல்லன். 17 உறைகளைத் தொடர்ந்து கிழித்த கை அடுத்ததைத் தேடுவது இயல்புதானே! எதை யார் தந்தார் என்று கேட்டேன். இரண்டுக்குமேல் அவனால் சொல்ல முடியவில்லை.

தடுக்கலாமே என்பீர்கள். எப்படித் தடுப்பது? ஆசையோடு சுமந்து வரும் மாமியாரிடம் வேண்டாம் என்றால் அவர் மனம் நோகும். கொடுத்தவருக்குத் திருப்பிச் செய்ய வேண்டிய கணக்கு வேறு இருக்கிறது. நாத்தனார் 80 ரிங்கிட்டுக்கு வாங்கி வந்தால் அவர் பிள்ளைக்கு நாம் 30 ரிங்கிட்டுக்கு வாங்க முடியுமா? கல்யாண மொய் ஏட்டை அப்படியே கிறிஸ்துமஸுக்கும் கொண்டு வந்துவிட்டோம்.

கிறிஸ்துமஸ் தாத்தாவின் மூலவர் புனித நிக்கோலஸ். நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியிலுள்ள மீரா நகரில் ஆயராக இருந்தவர். வரதட்சணை கொடுக்க வழியற்ற ஓர் ஏழைத் தந்தையின் மூன்று பெண்களுக்காக, இரவில் எவரும் அறியாமல் பொன்முடிப்பை வீட்டுக்குள் எறிந்தார் என்பது மரபுக்கதை. பெற்றவருக்குத் தேவை இருந்தது. கொடுத்தவரின் பெயரோ வெளியில் தெரியவில்லை. நம் வீடுகளில் தேவை எவருக்கும் இல்லை. பெயரட்டை மட்டும் பெரிதாக ஒட்டப்பட்டிருக்கிறது! செவ்வுடையும் தொப்பையுமாக நாம் காணும் தாத்தாவை உலகெங்கும் பரப்பியதில், 1931இல் தொடங்கிய கொக்கோ கோலா விளம்பரங்களுக்குப் பெரும்பங்கு உண்டு என்பதையும் நினைவில் கொள்வோம்.

நான் ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவள். கிறிஸ்துமஸ் என்றால் ஒரு புதுச்சட்டை. இரவில் வீடு வீடாக வரும் கீதக் குழுவினர். அச்சு முறுக்கும் அதிரசமும். பலகாரத் தட்டைத் துணியால் மூடி, லயத்து வீடுகள் அனைத்திற்கும் நாங்கள்தாம் கொண்டு செல்வோம். தட்டு வெறுமையாகத் திரும்பாது. ஒரு பிடிச் சீனியாவது இருக்கும். அக்காலத்து வறுமையை நான் போற்றவில்லை. என் பிள்ளை அதில் வாழ வேண்டும் என்று விரும்பவுமில்லை. ஆனால் அன்று கொடுக்கும் வேலை பிள்ளைகளுடையதாக இருந்தது. இன்று பிள்ளைகளுக்குப் பெறும் வேலை மட்டுமே மிஞ்சியிருக்கிறது.

செலவையும் பாருங்கள். பெருந்தொற்றுக்குப்பின் மார்ச்சுக்குத் தள்ளிப்போன பள்ளித் தவணை 2026இல் மீண்டும் ஜனவரிக்கு வந்துவிட்டது. டிசம்பரில் பொம்மை, ஜனவரியில் சீருடை, காலணி, பயிற்சி நூல்கள். அரசின் பள்ளித் தொடக்க உதவி மாணவருக்கு 150 ரிங்கிட். இரண்டு பொம்மைக் கார்கள் அதை விழுங்கிவிடும். போதாதற்கு 12.12 மலிவு விற்பனை, 'இப்போது வாங்கு, பிறகு செலுத்து' என்னும் வசதி. அதுவும் கடன்தான். அதைக் கட்டுக்குள் கொண்டுவர 2025இல் நுகர்வோர் கடன் சட்டமே தேவைப்பட்டது.

இவ்வாண்டு என் கணவர் தம் உடன்பிறந்தோரிடம் பேசிவிட்டார்: எல்லோரும் சேர்ந்து பிள்ளைக்கு ஒரே பரிசு. மாமியாருக்கு மட்டும் விலக்கு. அவரிடம் பேசும் துணிவு எங்கள் இருவருக்குமே இல்லை.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கிறிஸ்துமஸ் கொண்டாடாத பிள்ளைகளையும் சேர்த்து வகுப்பில் நாம் நடத்தும் பரிசுப் பரிமாற்றம் தேவைதானா? 10 ரிங்கிட்டுக்குள் என்று சொன்னாலும் பெற்றோர் அதைக் கீழ்வரம்பாகவே கொள்கின்றனர். அன்று மட்டும் 'காய்ச்சல்' கண்டு வராமல் போகும் பிள்ளைகளை நாம் அறிவோம். என் வகுப்பில் இனி அது கிடையாது. படித்து முடித்த கதைப்புத்தகம் ஒன்றைக் கொண்டு வந்து அலமாரியில் வைக்கலாம்; விரும்பியதை எடுத்துச் செல்லலாம். கொண்டு வர இயலாத பிள்ளையும் எடுத்துச் செல்லலாம்.