ஏழு மணிக்குப் பிறகு காடு யாருக்கு?

தேக்கா சந்தையின் ஓரத்தில் தொடங்கும் புக்கிட் தீமா சாலை, கால்வாயை ஒட்டியே நெடுந்தூரம் சென்று, சிங்கப்பூரின் மிக உயர்ந்த இயற்கைக் குன்றின் அடிவாரத்தை அடைகிறது. குன்றின் உயரம் ஏறக்குறைய 163 மீட்டர்தான். நம் ஊரில் அதைவிட உயரமான கட்டடங்கள் பல உண்டு. ஆனாலும் மலைமிதிவண்டி ஓட்டுபவர்களுக்கு அது மலைதான். லிட்டில் இந்தியாவில் வேலை முடிந்து, மாலை ஆறு மணிக்கு மிதிவண்டியை எடுக்கும் ஒருவர் அந்தச் சாலை வழியாகக் குன்றை நெருங்குவதற்குள் வெளிச்சம் மங்கத் தொடங்கிவிடும். அவர் காட்டுக்குள் நுழைய நினைக்கும்போது, காட்டை விட்டு வெளியேற வேண்டிய நேரம் வந்துவிடும்.

புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதிக்குள் காலை ஏழு மணி முதல் மாலை ஏழு மணி வரைதான் பொதுமக்கள் இருக்கலாம். அதற்குப் பின் உள்ளே இருப்பது சட்டப்படி குற்றம். இந்த ஏழு மணிக் கெடுவைப் பற்றி மாலைநேரக் குழுக்களிடையே அவ்வப்போது முணுமுணுப்பு எழுவதுண்டு. “இன்னும் ஒரு மணி நேரம் கொடுத்தால் என்ன?” என்பதே அந்த முணுமுணுப்பு. கேள்வி நியாயமானதாகத்தான் தோன்றுகிறது. ஆயினும் அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுக்கக்கூடாது என்பதே என் கருத்து.

முதலில் அவர்கள் பக்கத்தைப் பார்ப்போம். நாம் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் வாழ்கிறோம். ஐரோப்பியர்களுக்குக் கோடைக்காலத்தில் இரவு ஒன்பது மணி வரைகூட வெளிச்சம் இருக்கும். நமக்கு ஆண்டு முழுவதும் சூரியன் ஏழு மணியையொட்டியே மறைகிறது. அதுகூட 1982ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் நம் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னால் நகர்த்தியதால் கிடைத்தது. இல்லையென்றால் ஆறரை மணிக்கே இருட்டிவிடும். எனவே, அலுவலக வேலை முடித்து வருபவருக்கு வார நாளில் மலைமிதிவண்டி ஓட்டக் கிடைப்பது சில நிமிடங்களே. புக்கிட் தீமாவின் மிதிவண்டித் தடமோ ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் நீளம். ஏற்றமும் இறக்கமும் கல்லும் வேரும் நிறைந்த அந்தத் தடத்தை ஒருமுறை சுற்றி வரவே புதியவருக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும்.

மாலைநேரக் குழு ஓட்டம் பாதுகாக்கப்பட வேண்டிய ஒரு நல்ல பழக்கம். இதில் எனக்கு ஐயமே இல்லை. தனியாக ஓட்டுபவர் தம் வேகத்தை மட்டும் கவனித்தால் போதும். குழுவாக ஓட்டுபவர்கள் அப்படி இருக்க முடியாது. இத்தகைய குழுக்களில் பொதுவாக இருவருக்குத் தனிப் பொறுப்பு உண்டு. ஒருவர் முன்னே சென்று வழிகாட்டுவார். இன்னொருவர் எல்லாருக்கும் பின்னால் வருவார். பாதை பிரியும் இடங்களில் முன்னவர் நின்றுவிடுவார். பின்னவர் வந்து சேர்ந்த பிறகே குழு நகரும். பார்ப்பவர்கள் முன்னே செல்பவரைத்தான் திறமைசாலி என்று நினைப்பார்கள். உண்மையில், கடைசியாக வருபவரின் வேலைதான் கடினமானது. வேகமாக ஓட்டத் தெரிந்தும் அவர் மெதுவாக ஓட்ட வேண்டும். யாருடைய டயரிலாவது முள் குத்தினால் நின்று, டியூபை மாற்ற உதவ வேண்டும். இறக்கத்தைக் கண்டு தயங்கும் புதியவரிடம், “இறங்கித் தள்ளிக்கொண்டு வாருங்கள், அவசரமில்லை,” என்று சொல்ல வேண்டும். ஒரே குழுவில் பொறியாளரும் உணவு விநியோக ஊழியரும் பாலிடெக்னிக் மாணவரும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் ஒன்றாக நின்று ஒருவரின் செயினைச் சரிசெய்வதை வேறெங்கு பார்க்க முடியும்? அடுக்குமாடி வீட்டின் மின்தூக்கியில்கூட நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லையே!

ஆகவே, இந்தப் பழக்கம் வளர வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அது எங்கே, எந்த நேரத்தில் நடக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

நேரத்தை நீட்டிக்கக் கேட்பவர்கள் சொல்லும் முக்கியக் காரணம் விளக்கு. இப்போதைய மிதிவண்டி விளக்குகள் மிகவும் பிரகாசமானவை. கைப்பிடியில் ஒன்றும் தலைக்கவசத்தில் ஒன்றும் பொருத்திக்கொண்டால் இரவிலும் பாதை பகல்போலத் தெரியும் என்கிறார்கள். அது உண்மைதான். என் தயக்கத்துக்கும் அதுவே காரணம். ஓட்டுபவருக்குப் பாதை தெரிகிறதா என்பது பாதிக் கேள்விதான். அந்த வெளிச்சம் யார் கண்ணில் படுகிறது என்பது மீதிக் கேள்வி.

நம் காடுகளின் முக்கியமான விலங்குகள் பல இரவில் நடமாடுபவை. பகலெல்லாம் மரப்பட்டையோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும் கொலுகோ, இருட்டிய பிறகே ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குக் காற்றில் சறுக்கிச் செல்கிறது. மரநாய் பழம் தேடிப் புறப்படுகிறது. தேவாங்கு கிளைகளைப் பற்றிக்கொண்டு மெல்ல நகர்கிறது. அழுங்கு என்று அழைக்கப்படும் எறும்புத்தின்னியும் இரவில்தான் எறும்புப் புற்றுகளைத் தேடி வருகிறது. உலக அளவில் அழிவின் விளிம்பில் இருக்கும் விலங்கு அது. ஆபத்து வந்தால் அது ஓடுவதில்லை. தன் செதில்களுக்குள் பந்துபோலச் சுருண்டுகொள்கிறது. புலியின் பல்லிலிருந்து தப்பிக்க அந்த உத்தி உதவியிருக்கலாம். இறக்கத்தில் பாய்ந்து வரும் சக்கரத்தின் முன்னால் அதே உத்தி அதற்கு எமனாகிவிடும்.

இந்த விலங்குகளுக்கு நாம் ஏற்கெனவே ஒரு கடன்பட்டிருக்கிறோம். 1986ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட புக்கிட் தீமா விரைவுச்சாலை, புக்கிட் தீமா வனப்பகுதியை மத்திய நீர்ப்பிடிப்பு வனப்பகுதியிலிருந்து பிரித்துவிட்டது. சாலையைக் கடக்க முயன்ற விலங்குகள் வாகனங்களில் அடிபட்டன. 2013ஆம் ஆண்டு அந்த விரைவுச்சாலையின் மேல் விலங்குகளுக்காகவே ஒரு பாலம் கட்டப்பட்டது. மரங்களும் புதர்களும் நடப்பட்ட அந்தப் பாலம் ஏறக்குறைய 62 மீட்டர் நீளம் கொண்டது. மனிதர்கள் அதில் நடக்க அனுமதி இல்லை. எறும்புத்தின்னியும் மரநாயும் அதைப் பயன்படுத்துவது கேமராக்களில் பதிவாகியுள்ளது. இவ்வளவு செலவு செய்து ஒரு பாலத்தைக் கட்டிவிட்டு, அதைக் கடந்து வரும் விலங்கை மறுபக்கத்தில் விளக்கு வெளிச்சத்தோடு வரவேற்பது முறையா?

மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். பலர் மிதிவண்டிச் சக்கரம்தான் காட்டுப் பாதையைக் கெடுக்கிறது என்று நினைக்கிறார்கள். சக்கரத்தோடு தண்ணீர் சேரும்போதுதான் பெருங்கேடு நேர்கிறது. மழை பெய்த மண்ணில் சக்கரம் ஒரு கோட்டைக் கிழிக்கிறது. அடுத்த மழையில் தண்ணீர் அந்தக் கோட்டிலேயே ஓடி அதை வாய்க்காலாக்குகிறது. நடுவில் சேறு தேங்கினால், ஓட்டுபவர்கள் அதைத் தவிர்க்கப் பாதையின் ஓரமாகச் செல்கிறார்கள். சில மாதங்களில் ஒற்றையடிப்பாதை மூன்று மடங்கு அகன்றுவிடும். ஓரத்தில் இருந்த செடிகள் போய்விடும். அதனால்தான், நன்கு பழகியவர்கள் சேற்றைச் சுற்றாமல் அதன் நடுவிலேயே ஓட்டுவார்கள். பெருமழைக்குப் பின் அன்றைய ஓட்டத்தையே கைவிடுவார்கள். பகல் வெளிச்சத்திலேயே இதற்கெல்லாம் கவனம் தேவைப்படுகிறது. இருட்டில், விளக்கின் குறுகிய வட்டத்துக்குள், களைத்துப்போன ஒருவர் பாதையின் ஓரம் எங்கே முடிகிறது என்று பார்த்து ஓட்டுவாரா? எனக்கு நம்பிக்கை இல்லை.

இந்த விளையாட்டு பிறந்த இடத்தின் கதை இங்கே உதவும். 1970களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், மரின் வட்டாரத்து இளையர்கள் பழைய கனத்த மிதிவண்டிகளை மலையுச்சிக்குக் கொண்டுசென்று, கீழே பாய்ந்து வந்தார்கள். ஒரே இறக்கத்தில் பின்சக்கர பிரேக் சூடேறி, உள்ளிருந்த மசகு எரிந்து போய்விடுமாம்! ஒவ்வொரு முறையும் புதிதாக மசகு அடைக்க வேண்டியிருந்ததால், அந்தப் பந்தயத்துக்கு ‘மீண்டும் அடைத்தல்’ என்ற பொருளிலேயே ‘ரீபேக்’ என்ற பெயர் வந்தது. இருபது ஆண்டுகளில் அந்த விளையாட்டு 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. ஆனால், அது பிறந்த அதே வட்டாரத்தில் நடப்பவர்களுக்கும் குதிரையில் செல்பவர்களுக்கும் மிதிவண்டியோட்டிகளுக்கும் இடையே சச்சரவு மூண்டது. பல குறுகிய பாதைகளில் மிதிவண்டி தடைசெய்யப்பட்டது. அதன் பிறகுதான், 1988இல் ஓர் அனைத்துலகச் சங்கம் அமைத்து, திறந்திருக்கும் பாதையில் மட்டும் ஓட்டுவது, தடயம் விட்டுச் செல்லாதது, விலங்குகளை மிரட்டாதது போன்ற விதிகளைத் தாங்களே வகுத்துக்கொண்டார்கள். பாதைகளை இழந்த பிறகு அவர்கள் அந்தக் கட்டுப்பாட்டுக்கு வந்தார்கள்.

நமக்கு இழப்பு என்பது இன்னும் எளிது. இடம் அவ்வளவு குறைவு. 2010ஆம் ஆண்டு முதலாவது இளையர் ஒலிம்பிக்கின் மிதிவண்டிப் போட்டிகள் நடந்த தெம்பனிஸ் மிதிவண்டிப் பூங்கா, நான்கே ஆண்டுகளில் வீடமைப்புக்காக மூடப்பட்டது. வீடு வேண்டாம் என்று யார் சொல்ல முடியும்? இருப்பினும், இன்று நமக்கு மிஞ்சியிருப்பவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும் போலிருக்கிறது. புலாவ் உபினில் 2008இல் திறக்கப்பட்ட கெத்தாம் மலைமிதிவண்டிப் பூங்காவில் ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர் தடம் உண்டு. செஸ்நட் இயற்கைப் பூங்காவில் மிதிவண்டிக்கென 8.2 கிலோமீட்டரும் நடப்பவர்களுக்கென 5.6 கிலோமீட்டரும் தனித்தனியே பிரித்து அமைக்கப்பட்டுள்ளன. 81 ஹெக்டர் பரப்புள்ள அந்தப் பூங்கா, வனப்பகுதிக்கு வேலிபோல இருந்து, கூட்டத்தின் நெருக்குதலைத் தன் மேல் வாங்கிக்கொள்வதற்காகவே உருவாக்கப்பட்டது. இப்படிப்பட்ட இடங்கள் திறந்தே இருப்பதற்கு, மிதிவண்டியோட்டிகள் விதிகளை மதிப்பார்கள் என்ற நம்பிக்கைதான் அடிப்படை. இருட்டிய பிறகு வேலியோரமாக நழுவி வரும் ஒரு சிறு குழு போதும், அந்த நம்பிக்கையைக் கெடுக்க.

அப்படியானால் வேலைக்குச் செல்பவர்கள் என்ன செய்வது? காட்டிடம் ஒரு மணி நேரம் கேட்பதைவிட அலுவலகத்திடம் கேட்கலாம் என்பேன். இது விளையாட்டுப் பேச்சு அன்று. 2024 டிசம்பர் முதல் தேதியிலிருந்து நடப்பில் உள்ள முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகளின்படி, நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டை ஊழியர் முறைப்படி கேட்கலாம். முதலாளி அதைப் பரிசீலித்து இரண்டு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். வாரத்தில் ஒரு நாள் காலை ஏழரைக்கு வேலையைத் தொடங்கி நான்கரைக்கு முடித்தால், ஐந்தரைக்குத் தடத்தில் இருக்கலாம். எல்லா வேலைக்கும் இது பொருந்தாது என்பதை மறுக்கவில்லை. தாதியருக்கும் கட்டுமான ஊழியருக்கும் பேருந்து ஓட்டுநருக்கும் இந்த யோசனையால் பயன் குறைவு. அவர்களுக்கு ஓய்வுநாளின் காலைப்பொழுதுதான் வழி.

மாலையில் மட்டுமே கூட முடிந்த குழுக்களுக்கு இருட்டிய பிறகு ஓட்ட நகரம் இருக்கிறது. 300 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் பூங்கா இணைப்புப் பாதைகள் இருக்கின்றன. அங்கே வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர். சாலையில் சென்றால் 2022 முதல் நடப்பில் உள்ள விதியை நினைவில் கொள்ள வேண்டும்: ஒற்றை வரிசையில் ஐவருக்கு மேல் கூடாது; இருவர் இருவராகச் சென்றால் பத்துப் பேருக்கு மேல் கூடாது. வேரும் கல்லும் இல்லாத பாதையில் மலைமிதிவண்டி ஓட்டுவது சாம்பார் இல்லாத இட்லிபோல என்று ஒரு நண்பர் குறைப்பட்டுக்கொண்டார். இருக்கலாம். ஆனாலும், படிக்கட்டு அருகே மெதுவாகச் சமநிலை பழகுவதையும், முன்சக்கரத்தைத் தூக்கி மேட்டைத் தாண்டுவதையும் விளக்குக் கம்பத்தின் கீழேயே கற்றுக்கொள்ளலாமே.

மாணவர்களாகிய உங்களுக்கு இந்த நெருக்கடி குறைவு. இணைப்பாட நடவடிக்கை இல்லாத பிற்பகல்களில் உங்களுக்கு வெளிச்சம் நிறையவே இருக்கிறது. நீங்கள் ஒரு குழுவோடு செல்ல விரும்பினால், பெற்றோரின் அனுமதியோடு செல்லுங்கள். அந்தக் குழுவிடம் மிதிவண்டியின் விலையையும் வேகத்தையும் கேட்பதற்கு முன், “எத்தனை மணிக்குத் திரும்பத் தொடங்குவீர்கள்?” என்று கேளுங்கள். ஆறேகால், ஆறரை என்று ஒரு தெளிவான பதில் வந்தால் சேர்ந்துகொள்ளலாம். “பார்த்துக்கொள்ளலாம்” என்று பதில் வந்தால் வேறு குழுவைத் தேடுங்கள்.