வீடு கொடுத்தோம், அவங்களைக் கேட்டோமா?

1/ நோயாளியை ஒரு வார்த்தை விசாரிக்காம நான் மருந்து எழுதினா திட்டுவீங்கதானே? மக்களைக் கேட்காம ஊருக்கு வரைபடம் போட்டா மட்டும் வளர்ச்சியா?

2/ கூவம் கரையில் வாழ்ந்த குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினாங்க. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய இடம். பார்த்த வேலையோ 20 கி.மீ.க்கு மேல் தள்ளி.

3/ "அதான் வீடு கிடைச்சுதே டாக்டர்?" காசநோய்க்கு 6 மாசம் விடாம மாத்திரை போடணும். நடுவுல இடம் மாத்தினா, கூலியை விட்டுட்டு எத்தனை பேர் பழைய ஆஸ்பத்திரிக்கு வருவாங்க? பாதியில நிறுத்தினா மருந்துக்கு அடங்காத காசநோயா மாறலாம்.

4/ 3 லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்களுக்கு வார்டு குழு வேணும்னு 1992-லேயே 74-வது சட்டத்திருத்தம் சொல்லிடுச்சு. உங்க வார்டுல ஏரியா சபை கடைசியா எப்போ கூடுச்சு?

5/ அடுத்த கூட்டத்துக்குப் போங்க. மழைத்தண்ணி எங்க தேங்கும்னு உங்க தெரு ஆயாவுக்குத் தெரியும். அவங்களையும் கூட்டிட்டுப் போங்க.