ஒரு சுற்றுக்கு ஒரு 'டக்'

மாடல் ரயில் இன்ஜின் வழுக்குகிறது என்று ஒருவர் சொன்னால், எது எதன்மேல் வழுக்குகிறது என்று முதலில் கேட்க வேண்டும். சக்கரம் தண்டவாளத்தின் மேல் வழுக்கினால் அது பாரமோ அழுக்கோ சம்பந்தப்பட்டது. பெட்டிகளைக் குறைத்தோ தண்டவாளத்தைத் துடைத்தோ சமாளித்துவிடலாம். மோட்டார் சீராகச் சுற்றியும் இன்ஜின் நொண்டினால் கோளாறு உள்ளே இருக்கிறது. பலரும் மோட்டாரைத்தான் சந்தேகிக்கிறார்கள். பார்க்க வேண்டியதோ அச்சின் நடுவில் இருக்கும் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் பல்சக்கரத்தை.

இதற்குப் பேர்போன உதாரணம், அமெரிக்காவின் லைஃப்-லைக் நிறுவனம் 'புரோட்டோ 2000' என்ற பெயரில் விற்ற 1:87 அளவு ஜிபி7, ஜிபி9 டீசல் இன்ஜின்கள். பார்க்கவும் ஓட்டவும் அருமையானவை. ஆனால் அவற்றின் அச்சுப் பல்சக்கரங்கள் சில ஆண்டுகளில் விரிசல் விட்டன. ஓட்டாமல் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தவற்றிலும் விட்டன. ஓடாத இன்ஜினில் தேய்மானத்துக்கு இடமேது?

காரணம் மின்சாரத்தில் தொடங்குகிறது. இந்த இன்ஜின்களுக்கு மின்சாரம் தண்டவாளத்தின் வழியேதான் வருகிறது. ஒரு தண்டவாளம் நேர் முனை, மற்றது எதிர் முனை. இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் ஒரே இரும்பு அச்சில் கோத்தால் ஷார்ட் ஆகிவிடும். அதனால் அச்சை இரண்டு பாதியாகச் செய்து, ஒவ்வொன்றையும் பல்சக்கரத்தின் குழாய் போன்ற நடுப்பகுதியில் இருபுறமிருந்தும் செருகிவிடுகிறார்கள். பசை இல்லை, திருகு இல்லை. துளை அச்சைவிட மயிரிழை சிறியது. அந்த இறுக்கம்தான் பிடிமானம். மாட்டுவண்டிச் சக்கரத்தில் காய்ச்சி ஏற்றிய இரும்புப் பட்டா இப்படித்தான் வாழ்நாள் முழுக்க விறைத்து நிற்கிறது. இரும்பு அதைத் தாங்கும். பிளாஸ்டிக்கோ இராப்பகலாக இழுபட்டுக்கொண்டே இருந்து, ஒருநாள் தன் மெலிந்த இடத்தில், அதாவது இரண்டு பற்களுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில், பிளந்துவிடுகிறது.

பிளந்ததும் இரண்டு தொல்லைகள். அச்சு துளைக்குள் பிடியில்லாமல் சுழலும். விரிசல் விட்ட இடத்தில் பல் இடைவெளி அகன்று, அடுத்த பல்சக்கரத்தோடு சரியாகப் பொருந்தாமல் 'டக்' என்று தாவும். ஜிபி9-இல் நான்கு அச்சுகளுக்கும் மோட்டாரின் விசை போகிறது. ஒன்று போனாலும் மற்ற மூன்று இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் வண்டி நிற்பதில்லை, நொண்டுகிறது.

அந்த 'டக்'கின் தாளமே நோயைச் சொல்லிவிடும். நிஜ ஜிபி9-இன் சக்கரம் 40 அங்குல விட்டம். 87-இல் ஒரு பங்கு என்றால் சுமார் 11.7 மி.மீ.; ஒரு முழுச் சுற்றுக்குச் சுமார் 37 மி.மீ. நகரும். இன்ஜினை மெதுவாக ஓட்டி, ஏறத்தாழ அந்த இடைவெளியில் சத்தம் திரும்பத் திரும்ப வந்தால் அச்சுப் பல்சக்கரம்தான். இன்னும் வேகமாக அடித்தால் கோளாறு மேலே, மோட்டாருக்கு அருகே. தண்டவாள இணைப்புகளில் மட்டும் கேட்டால் இன்ஜினைப் பிரிக்கவே வேண்டாம். பல்லிடுக்கில் ஒரு துணுக்கு சிக்கினாலும் இதே தாளம் வரும். ஆகவே அடிமூடியைக் கழற்றியதும் முதல் வேலை, பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு பூதக்கண்ணாடியால் பார்ப்பது.

விரிசலைக் கண்டதும் கை தானாக சூப்பர் குளூவைத் தேடும். வேண்டாம். இத்தகைய பல்சக்கரங்களுக்குப் பயன்படும் அசெட்டால், நைலான் வகை பிளாஸ்டிக்கில் அது சரியாக ஒட்டாது. ஒட்டினாலும் உள்ளிருந்து பிளக்கும் விசை அப்படியே இருக்கிறது. பசை பல்லிடுக்கில் வழிந்தால் இருந்த ஓட்டமும் போகும். மாற்றுவது ஒன்றுதான் வழி. லைஃப்-லைக்கின் ரயில் பிரிவை 2005-இல் வாங்கிய வால்தர்ஸ் மாற்றுப் பல்சக்கரங்களைத் தந்தது. ஆதெர்ன் நிறுவனத்தின் பல்சக்கரமும் இந்த இன்ஜின்களுக்குப் பொருந்துகிறது. ஒன்று பிளந்திருந்தால் நான்கையும் மாற்றிவிடுவதே என் கட்சி. நான்கும் ஒரே வயது, ஒரே இறுக்கம். மூன்று முறை மறுபடி பிரிப்பானேன்?

சக்கரங்களை விரலால் முறுக்கி இழுத்தால் பாதி அச்சுகள் வந்துவிடும். சக்கரத்தின் ஓடும் விளிம்பை பிளையரால் பிடிக்கக் கூடாது. அதில் விழும் கீறல் அழுக்கைச் சேர்த்து மின்தொடர்பைக் கெடுக்கும். புதியதில் செருகும்போது சுத்தியலும் கூடாது. வைஸின் இரு தாடைகளுக்கு நடுவே நேராக வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்த வேண்டும். பல்சக்கரம் நட்டநடுவில் நிற்கிறதா, பாதி அச்சுகள் உள்ளே ஒன்றையொன்று தொடாமல் இருக்கின்றனவா, சக்கர இடைவெளி சரியா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். இந்த அளவில் தண்டவாள அகலம் 16.5 மி.மீ.; சக்கரங்களைச் சரிபார்க்க அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏவின் தகட்டு அளவுகோல் ஒன்று உண்டு. இதைப் பார்க்காமல் விட்டால் சத்தம் நின்றுவிடும், ஆனால் வண்டி கிளைத்தடத்தில் தடம் புரண்டுவிடும். பிறகு பிளாஸ்டிக்குக்கு ஏற்ற கிரீஸை ஒரு பொட்டு வைத்து, முன்னும் பின்னுமாகக் குறைந்த வேகத்தில் ஓட்டிப் பார்த்தால் போதும்.

பழைய இன்ஜின் வாங்குகிறவர்களுக்கு: பெட்டி பிரிக்காத சரக்கு என்று கூடுதல் விலை சொன்னால், அடிமூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.