அறுகம் குடாவில் ஒரு நாளும், நான் திரும்பப் பெறும் ஒரு வாக்கியமும்



போன வாரம் நான் அலைச்சறுக்குப் பலகையில் குப்புறப் படுத்திருக்கும் படத்தை மருமகள் போட்டுவிட்டாள். "சார், இந்த வயசுல இது தேவையா?" என்று பாதிப் பேர் கேட்டிருந்தீர்கள். மீதிப் பேர் சிரித்திருந்தீர்கள். இரண்டுமே நியாயம்தான். 68 வயதில் எவன் கடலில் விழுந்து எழுவான்? அந்த ஒரு நாளைப் பற்றிச் சொல்லவே இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். உங்களில் சிலருக்கு நான் பட்டிருக்கும் கடன் ஒன்று கடைசியில் வருகிறது.

இலங்கையின் கிழக்குக் கரையில், அம்பாறை மாவட்டத்துப் பொத்துவிலை ஒட்டி இருக்கிறது அறுகம் குடா. மகன் குடும்பத்தோடு ஜூலையில் போயிருந்தேன். கொழும்பிலிருந்து காரில் கிட்டத்தட்ட ஒரு பகல் பயணம். ஏப்ரல், மே முதல் அக்டோபர் வரை உலகம் முழுவதிலுமிருந்து அலைச்சறுக்குப் பிரியர்கள் அங்கே வந்து குவிகிறார்கள். ஆனால் தெருவில் காதில் விழுவது தமிழ்தான்.

விடியும் முன் ஃபைபர் படகில் மீன் பிடிக்கக் கிளம்பினோம். படகுக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். அங்கே முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் 'காக்கா' என்கிறார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். நான் வாத்தியார் என்று தெரிந்ததும் அவர் என்னை 'சேர்' ஆக்கிவிட்டார். எந்த ஊர் என்று கேட்டார். நாகப்பட்டினம் பக்கம் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உங்களுக்கும் அதே நாள்தானே" என்றார். 2004 டிசம்பர் 26. அதற்கு மேல் இரண்டு பேரும் அதைப் பேசவில்லை.

அரை மணி நேரத்தில் எனக்கு வயிற்றைப் புரட்டியது. பேத்திக்குச் சிரிப்பு. "படகுக்குள்ள பார்க்காதீங்க சேர், தூரத்தில கரையைப் பாருங்க" என்றார் காக்கா. பார்த்தேன். அவரும் கரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று எஞ்சினை நிறுத்தி, "இங்கதான்" என்றார். சுற்றிலும் ஒரே மாதிரித் தண்ணீர். எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அந்தப் பாறையும் பள்ளிவாசல் மினாராவும் ஒண்டுக்குப் பின்னால ஒண்டு வரணும். மற்றப் பக்கம் அந்த ஒத்தைத் தென்னையும் மலை மூக்கும் ஒண்டாகணும். ரெண்டும் ஒரே நேரத்தில சரியா வந்தா, கீழ பார் இருக்கு" என்றார். பார் என்றால் கடலுக்கு அடியில் இருக்கும் பாறைத்திட்டு. மீன் அங்கேதான் கூடும்.

எனக்குக் குமட்டல் மறந்துபோனது. கரையில் இரண்டு அடையாளம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் அது ஒரு நேர்கோடு. இன்னொரு ஜோடி இன்னொரு நேர்கோடு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் புள்ளியில் படகு. 34 வருடம் வரைபடத் தாளில் நான் உங்களுக்குப் போட்டுக் காட்டியது இதைத்தானே! சோதிக்கும் புத்தியில், "பக்கத்துப் பக்கத்திலேயே நாலு அடையாளமும் இருந்தால் ஆகாதா?" என்று கேட்டேன். "ஆகாது சேர். கிட்டக் கிட்ட எடுத்தா இடம் வழுக்கிரும். ஒண்டு இப்படி, மற்றது அப்படி அகலமா இருக்கணும்" என்றார். இரண்டு கோடுகளுக்கு இடையிலான கோணம் குறுகினால் சிறு பிழையும் வெட்டும் புள்ளியை வெகுதூரம் தள்ளிவிடும். இதை நான் கல்லூரியில் படித்தேன். அவர் தன் வாப்பாவிடம் படித்திருக்கிறார். ஜிபிஎஸ் கருவியும் படகில் இருந்தது. "மகன் வாங்கினது. பெட்டரி இறங்கினா இதுதான்" என்று கண்ணைத் தொட்டுக் காட்டினார். தூண்டிலில் இரண்டு பாரை, ஒரு சூரை. தங்கூசி இழுத்து என் விரலில் ஒரு வெட்டு.

சாயங்காலம் அலைச்சறுக்கு. சொல்லிக்கொடுத்தது காக்காவின் இளைய மகன். முதலில் மணலிலேயே பலகையைப் போட்டுப் பயிற்சி. குப்புறப் படு, கையூன்றி நெஞ்சை உயர்த்து, ஒரே துள்ளலில் எழு. அது முடிந்ததும் தண்ணீரில் இறக்குவான் என்று பார்த்தால், கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்து கடலைப் பார்க்கச் சொன்னான். "எண்ணுங்க சேர். அலை கூட்டமா வரும், பிறகு ஓயும். அந்த ஓய்வுலதான் உள்ள போகணும்." எண்ணினேன். அப்படித்தான் வந்தது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே பெருங்கடலில் அடிக்கும் புயல்கள் கிளப்பிவிடும் அலைகள் அவை. வரும் வழியிலேயே நீளம் கூடியது முந்த, குறைந்தது பின்தங்க, இனம் பிரிந்து கூட்டம் கூட்டமாகக் கரை சேர்கின்றன.

நடுவே ஓரிடத்தில் அலையே உடையாமல் தண்ணீர் அமைதியாக இருந்தது. அங்கே இறங்கலாமே என்றேன். "அதுதான் சேர் ஆளை இழுக்கிற இடம். கரைக்கு வந்த தண்ணி அதுவழியாத்தான் திரும்பிப் போகும். மாட்டினா எதிர்த்து நீந்தாதீங்க, கரையோரமா பக்கவாட்டில போங்க" என்றான். பேத்தி பதினோராவது முறையில் மூன்று விநாடி எழுந்து நின்றாள். நான் நிற்கவே இல்லை. படுத்தபடியே ஓர் அலை என்னைக் கரைவரை கொண்டுவந்து போட்டது. அந்தப் படம்தான் நீங்கள் பார்த்தது. என் வாழ்நாளில் அப்படிச் சிரித்ததில்லை.

பயிற்சிக்கான பணத்தை மகன் எண்ணிக் கொடுத்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடலைப் படிக்கத் தெரிந்த ஒரு மீனவர் வீட்டுப் பிள்ளையிடம் என் பேத்தி காசு கொடுத்துப் படிக்கிறாள். அதே மாதிரிப் பிள்ளைகள் முப்பத்துநான்கு வருடம் என் வகுப்பில், கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடம் நான் சொன்னது என்ன?

"கணக்கு வரலைன்னா உங்கப்பன் மாதிரி வலை இழுக்கத்தான் போகணும்."

1993-ல் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையனிடம் வகுப்பே கேட்க இதைச் சொன்னேன். வகுப்பு சிரித்தது. அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு அவன் வரவில்லை. பெயர் சொல்ல மாட்டேன், அந்த வகுப்பில் இருந்தவர்களுக்குத் தெரியும். இன்றைக்கும் துறைமுகத்தில் என்னைப் பார்த்தால் மடித்துக் கட்டிய கைலியை இறக்கிவிட்டு "வணக்கம் சார்" என்கிறான். மீனுக்குக் காசு வாங்க மறுக்கிறான். இவ்வளவு வருடமாக அதை மரியாதை என்று நினைத்து, சந்தோஷமாக வாங்கி வந்திருக்கிறேன்.

பிள்ளைகள் படிக்க வேண்டாம், கடலுக்குப் போகட்டும் என்று நான் சொல்லவில்லை. காக்காவே பேரன் படித்து வேலைக்குப் போக வேண்டும் என்றுதான் சொன்னார். கடல் தொழிலின் ஆபத்தும் கடனும் அவருக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது. படிக்க வைப்போம். ஆனால் அப்பன் தொழிலை அசிங்கமாகக் காட்டி அந்தப் பயத்தில் படிக்க வைக்க வேண்டாம். அப்படிச் சொன்னால் பிள்ளைக்குப் படிப்பின் மேல் ஆசை வராது. ஒன்று அப்பனை வெறுப்பான், இல்லை பள்ளிக்கூடத்தை வெறுப்பான். அந்தப் பையன் அப்பனை வெறுக்கவில்லை. அவன் என்னைவிட நல்லவன்.

அன்று அவனிடம், "உங்கப்பா பார் இருக்கிற இடத்தை எப்படிடா கண்டுபிடிக்கிறார்?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். ஆயத்தொலைவுப் பாடத்தை அவனே எழுந்து வந்து கரும்பலகையில் நடத்தியிருப்பான்.

என் மாணவர்களில் இருபது பேருக்கு மேல் இன்று ஆசிரியர்கள். உங்களிடம்தான் கேட்கிறேன். மாடு மேய்ப்பது, வலை இழுப்பது, முடி வெட்டுவது, எந்தத் தொழிலையும் வகுப்பில் வசவாக்காதீர்கள். என்னிடம் கேட்டுப் பழகியதை என்னோடு விட்டுவிடுங்கள். முடிந்தால் இந்த வாரமே ஒரு பிள்ளையிடம் அவன் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ என்ன தெரியும் என்று கேட்டுப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் துறைமுகத்துக்குப் போகிறேன். இந்த முறை மீன் வாங்க இல்லை. வகுப்பே கேட்கச் சொன்னதை வகுப்பே கேட்கத்தான் திரும்பப் பெற வேண்டும். அதற்காகத்தான் முதலில் இங்கே எழுதினேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்