குறியை ஆராயாத கண் குருட்டுக் கண்

“கதையில்லை, பாட்டில்லை, சண்டையில்லை, இதுவும் ஒரு படமா?” என்று நகைப்போர் நம்மிற் பலர். அன்னோர்க்கு விடை கூற விரும்புகின்றோம்.

1982ஆம் ஆண்டிற் கனடா நாட்டுக் கலைஞர் மைக்கேல் ஸ்னோ “ஸோ இஸ் திஸ்” என்னும் படத்தை ஆக்கினார். அதில் நடிகர் இல்லை, ஒலியும் இல்லை. கரிய திரையில் வெண்சொற்கள் ஒவ்வொன்றாய்த் தோன்றி மறையும். ஒரு சொல் நெடுநேரம் நிற்கும். மற்றொன்று நொடியில் ஓடிவிடும். அடுத்த சொல் யாதெனக் காத்திருப்பவன், சொல்லின் நேரத்தை ஆள்பவன் தன்னையும் ஆள்கின்றான் என்பதை உணர்கின்றான்.

இது வீண் விளையாட்டா? நம் கைகளைச் சற்றே நோக்குவோம். கைப்பேசியில் நாள்தோறும் சிரித்த முகமும் அழுத முகமும் அனுப்புகின்றோம். சாவுச் செய்திக்கு ஒரு கூப்பிய கை, தீர்ந்தது கடமை! 1999இல் ஜப்பானியரான ஷிகேடாகா குரிடா, தொலைபேசிக் கம்பெனி ஒன்றிற்காக 176 குறிகளை வரைந்தார். 2016இல் நியூயார்க் நவீனக் கலைக் காட்சிசாலை அவற்றைத் தன் சேகரத்திற் சேர்த்தது. இன்றோ, புதுக் குறிகளுள் எது உலகப் பொதுவாகலாம் என்று முடிவு செய்வது யூனிகோடு கூட்டமைப்பு. அதன் முழு வாக்குரிமை உறுப்பினருட் பெரும்பாலோர் பெருங்கம்பெனிகளே!

“குறி எளிது, எழுத்தறியாதாரும் அறிவர்” என்பர் சிலர். எளிமை குற்றமன்று; ஆராயாது ஏற்பதே குற்றம். படிக்கவியலாத தாளிற் கைநாட்டு வைத்த தலைமுறையின் மக்கள் நாம். “இதில் எழுதியிருப்பது யாது?” என்று கேளாது வைத்த பெருவிரல் எத்தனை துயர்க்கு வித்தாயிற்று! அதே பெருவிரல் இன்று கண்ணாடியை அழுத்துகின்றது.

குறிகளாலேயே ஒரு நூல் இயற்றிய சீனக் கலைஞர் சூ பிங், 2017இல் கண்காணிப்புக் காமிராக்கள் பதிந்த காட்சிகளைக் கோத்து “டிராகன்ஃபிளை ஐஸ்” என்னும் 81 நிமிடப் படம் அமைத்தார். அதற்கெனப் படம்பிடித்தவர் எவருமிலர். நம்மை நோக்கும் கண்களை நாம் நோக்குமாறு செய்தார் அவர். இதனினும் பயனுள்ள கலைப்பணி வேறுண்டோ?

ஆதலின் நம் மன்றத்தாரையும் நூலகத்தாரையும் வேண்டுகின்றோம்: ஆண்டிற்கொரு முறையேனும் இத்தகு படங்களைக் காட்டுங்கள், கண்டபின் விவாதியுங்கள். அன்பர்களே, அடுத்த துக்கச் செய்தி வரும்போது குறியை விடுத்துத் தமிழில் நான்கு வரி எழுதுங்கள். குறி நமக்கு ஏவலாளாய் இருக்கட்டும், எசமானனாக வேண்டாம்!