ஓடும் வண்டி நிற்க வேண்டாமா?

திருகோணமலையிலே பிரெட்ரிக் கோட்டை வாயிலைக் கடந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும் பாதையை நம் வாசகர் பலரும் அறிவர். ஏறும்போது மூச்சு வாங்கச் செய்யும் அப்பாதை, இறங்கும்போது துவிச்சக்கரவண்டியைத் தானே உருட்டிச் செல்லும். நடந்து வரும் அடியார் ஒருபுறம். கோட்டைக்குள் உலவும் புள்ளிமான்கள் மறுபுறம். மான் எப்போது பாதையின் குறுக்கே பாயும் என்று யார் சொல்ல வல்லார்? அத்தருணத்தில் வண்டியோட்டும் பிள்ளையின் உயிர் பிறேக்கையே நம்பியிருக்கிறது. வண்டி வாங்கிக் கொடுப்பதோடு பெற்றோர் கடமை முடிந்துவிடுவதில்லை.

இக்காலத்து மலைச் சைக்கிள்கள் பலவற்றில் கம்பியால் இழுக்கும் பழைய பிறேக் இல்லை. சில்லின் நடுவே ஓர் உருக்குத் தட்டு. அதன் இருமருங்கும் பிறேக் கட்டைகள். கைப்பிடியிலிருந்து அவைவரை மெல்லிய குழாய். குழாய் நிறைய எண்ணெய். அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தே கொடுத்த அழுத்தம் எங்கும் குறையாது பரவும் என 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பஸ்கால் கண்ட விதியே இங்கு தொழிற்படுகின்றது. திரவம் எளிதில் அமுங்காது, காற்றோ அமுங்கும். ஆகவே குழாயினுள் காற்றுக்குமிழி புகுந்துவிட்டால், நாம் கொடுக்கும் விசை அதனை நசுக்குவதிலேயே செலவாகும். பிறேக் பிடி பஞ்சுபோல் தொய்ந்து போகுமாயின், அவ்வண்டியை இறக்கத்தில் விடலாகாது.

எண்ணெய் இருவகைப்படும். ஷிமானோ பிறேக்குகள் கனிய எண்ணெயை வேண்டுவன. ஸ்ராம் பிறேக்குகளுட் பல, மோட்டார் வாகனங்களில் ஊற்றும் ‘டொட்’ திரவத்தை வேண்டுவன. மாற்றி ஊற்றினால் உள்ளிருக்கும் இறப்பர் வளையங்கள் கெட்டுவிடும். டொட் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 திரவம் புதிதாயிருக்கையில் 230 பாகை செல்சியசுக்குக் குறையாமற் கொதிக்கும். நூற்றுக்கு நான்கு பங்களவு நீர் சேர்ந்ததும் 155 பாகையளவிலேயே கொதித்துவிடலாம். மலைநாட்டு நீண்ட இறக்கங்களில் இஃது ஆபத்து. நம் துறைமுகப் பட்டினத்து இறக்கங்கள் சிறியனவேயாயினும், ஈரமும் கடலுப்பும் உலோகத்தை அரிக்கத் தவறுவதில்லை. எனவே டொட் திரவத்தை ஆண்டுக்கொருமுறை, வாடைக்காற்றும் மாரியும் தொடங்குமுன் மாற்றுதல் நன்று. கனிய எண்ணெயை, நிறம் கறுத்தாலோ பிடி தொய்ந்தாலோ மாற்றுக.

கனிய எண்ணெய்ப் பிறேக்கிற் காற்று நீக்கும் முறை இது. சில்லையும் பிறேக் கட்டைகளையும் கழற்றி, உள்ளிருக்கும் முசலங்களைப் பின்தள்ளி, இடையில் அதற்குரிய பிளாஸ்ரிக் கட்டையைச் செருகுக. அது செருகாமற் பிடியை அழுத்தினால் முசலம் வெளியே வந்துவிடும். மேலே பிடியிலுள்ள எண்ணெய்க்கலத்தை மட்டமாக நிறுத்திப் புனலைப் பொருத்துக. கீழே எண்ணெய் நிறைந்த ஊசிக்குழாயை மாட்டி, அவ்விடத்து முளையை எட்டிலொரு பங்கு சுற்றுத் திறந்து, எண்ணெயை மெல்ல மேல்நோக்கிச் செலுத்துக. குமிழிகள் புனல்வழியே வெளியேறும். பின்னர் முளையை மூடி, குழாயைத் தட்டித் தட்டிப் பிடியை மெதுவாக அழுத்துக. குமிழி நின்று, பிடி இறுகிய பின்பே கலத்தை மூடுதல் வேண்டும்.

தட்டிலும் பிறேக் கட்டையிலும் எண்ணெய் படலாகாது. வண்டி கிறீச்சிடுகிறதென்று தேங்காய் எண்ணெய் தடவும் நல்லெண்ணக்காரரும், வள்ளத்து எஞ்சினைத் துடைத்த கையோடு தட்டைத் தொடுவோரும் அந்தப் பிறேக்கைப் பயனற்றதாக்கிவிடுவர். எண்ணெய் ஊறிய கட்டையை மாற்றுதலே வழி. தட்டை ஐசோபுரோப்பைல் அற்ககோல் நனைத்த தூய துணியால் துடைத்தல் போதும். ஓடி நின்ற தட்டு சுடும். சுழலும் தட்டு விரலை வெட்டும். குழந்தைகளை விலக்கி வைப்பீராக. கடற்கரை மணலில் ஓடிய வண்டியை நன்னீரால் அன்றே கழுவுக. கழித்த எண்ணெயைக் கிணற்றடியிலோ கடலிலோ ஊற்றாது, புட்டியில் அடைத்து வாகனத் திருத்தகத்தில் ஒப்படைக்க.

இவ்வேலையில் கைதேறாதவர்கள் திருத்துநரிடம் கொடுப்பதிற் குறைவில்லை. ஆனால் சோதித்தல் எவர்க்கும் இயலும். ஞாயிறு காலையில் பிள்ளையின் வண்டிப் பிறேக்கைப் பிடித்து அரை நிமிடம் அழுத்தியே வைத்திருங்கள். பிடி மெல்ல மெல்ல உள்ளிறங்கினால், அன்று அவன் நடந்தே போகட்டும்.