நூற்பெயர் மரபும் கணினிக் கையேடும்

நூலுக்குப் பெயர் வருமாற்றையும் இலக்கணத்துள் வைத்து ஆராய்ந்தவர் தமிழர். ஆக்கியோனாலும், அளவாலும், நுவலும் பொருளாலும், தன்மையாலும், இன்ன பிற காரணங்களாலும் நூல் பெயர்பெறும் என்றும், இடுகுறியாகவும் பெயர் அமையும் என்றும் பவணந்தியார் நன்னூற் பாயிரத்தில் விதித்தனர். தொல்காப்பியம் ஆக்கியோனாற் பெற்ற பெயர். பன்னிரு படலம் அளவாற் பெற்ற பெயர். நன்னூல் தன்மையாற் பெற்ற பெயர். இவ்வாராய்ச்சி புலவர்க்கே உரியது என எண்ணுவார் உளர். கணினி மென்பொருளுக்குக் கையேடு எழுதுவோர்க்கும் இஃது இன்றியமையாதது என்பதே நம் கருத்து.

இலக்கியம் கற்பவன் ஆற அமர இருந்து கற்பான். கையேட்டைத் தேடுபவனோ தொழிலின் நடுவே தடைப்பட்டு நிற்பவன். பல நூல்களுள் தனக்கு வேண்டுவது எது என்பதை அவன் பெயர்கொண்டே துணிதல் வேண்டும். பெயர் பிழைப்பின், உள்ளே எத்துணைச் செவ்விதாக எழுதப்பட்டிருப்பினும் நூல் அவன் கைக்கு எட்டாது.

மென்பொருட் பெயர்களுட் பல இடுகுறியே. 1991இல் வெளிவந்த பைதன் என்னும் நிரலாக்க மொழி, பிரித்தானிய நகைச்சுவைக் குழுவொன்றின் பெயரைத் தழுவியது. பாம்புக்கும் அதற்கும் இயைபில்லை. இத்தகைய பெயரொன்றையே அட்டையில் இட்டால் புதிய மாணாக்கன் யாது அறிவான்? 1971இல் எழுந்த யுனிக்ஸ் கையேடு இவ்விடர்ப்பாட்டுக்கு வழி கண்டது. அதன்கண் கட்டளையின் பெயரை அடுத்து, அது செய்யும் தொழில் ஒரு சிறு தொடரில் நிற்கும். இடுகுறிக்குப் பொருள் துணையாயிற்று. 1956இல் ஐ.பி.எம். வெளியிட்ட போர்ட்ரான் கையேடோ, மொழி எது, பொறி எது, படிப்போர் யாவர், நூல் எவ்வகைத்து என்னும் நான்கனையும் தலைப்பிலேயே உணர்த்தியது. தலைப்பு நீண்டது, ஆயினும் வீண்சொல் இல்லை.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. மானிப்பாயில் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த வைத்தியர் கிறீனின் முயற்சியால் 1867இல் 'இரண வைத்தியம்' வெளிவந்தது. 1875இல் 'கெமிஸ்தம்' வெளிவந்தது. முன்னதன் பொருள் இன்றும் பெயரளவிலே விளங்கும். பிறமொழிச் சொல்லைத் தமிழ் ஈற்றால் முடித்த பின்னதற்கு இன்று உரை வேண்டும்.

இக்காலத்தார் யாவற்றையும் 'கையேடு' என்றோ 'வழிகாட்டி' என்றோ அழைத்து அமைகின்றனர். தொடக்கத்தார்க்குரிய பயில்நூல் வேறு; ஒரு தொழிலைச் செய்யுமாறு கூறும் செய்முறை நூல் வேறு; ஐயுற்றபோது புரட்டும் உசாத்துணை நூல் வேறு. ஒரு பெயர் மூன்றற்கும் பொதுவாயின் மயக்கமே விளையும். 'பதிப்பு' என்னும் சொல்லும் அவ்வாறே: 'இரண்டாம் பதிப்பு' எனின் மென்பொருளின் பதிப்போ, நூலின் பதிப்போ? இரண்டையும் வேறு பிரித்து உரைத்தல் கடன். 24 மணித்தியாலத்திற் கற்பிப்பதாகப் பெயர் தாங்கிய நூல்களும் உள. அவையும் அளவாற் பெயர் பெற்றனவே. அவ்வளவு நூலுக்கு உரியதன்று, விற்போர் விருப்புக்கு உரியது.

தாய்மொழியிற் கணினி கற்க முன்வரும் மாணாக்கன் அட்டையைக் கண்டே மருண்டு பிறமொழி நூலை நாடுவானாயின், கலைச்சொல் ஆக்கியும் மொழிபெயர்த்தும் உழைத்த உழைப்பெல்லாம் பாழாம். ஆதலின், எழுதுவோரும் மொழிபெயர்ப்போரும் இறுதியில் அவசரமாகப் பெயர் தேடுதலை விடுக. இன்னார்க்கு, இன்ன மென்பொருளின் இன்ன பதிப்பில், இன்னது செய்ய உதவும் நூல் இது என முதலில் ஒரு தொடர் எழுதுக. அத்தொடரிற் குறைக்கத்தகாத சொற்கள் எவையோ, அவையே நூலின் பெயர்.